கட்டளை வரியும் தொலைத்தொடர்புக் கருவிகளும்: காரைக்கால்

தொலைபேசி இணைப்பகம், ரூட்டர், சுவிட்ச் முதலிய கருவிகளைத் திரையில் எழுத்தாகத் தட்டும் ஆணைகளால் இயக்கிப் பராமரிக்கும் முறை கட்டளை வரி. பொத்தான்கள் நிறைந்த மேலாண்மைத் திரைகள் பெருகிய பிறகும் பொறியாளர்கள் இதைக் கைவிடவில்லை. மெதுவான இணைப்பிலும் இது ஓடும். ஒரே மாற்றத்தை நூறு கருவிகளில் செய்துவிடலாம்.

காரைக்கால் நிர்வாகத்தில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது; தலைநகர் சுமார் 130 கி.மீ. வடக்கே இருக்கிறது. தொலைபேசிக்கு வேறு கணக்கு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில் வருகின்றன. அதே ஒன்றியப் பகுதியின் மாஹே கேரளத்தோடும் ஏனாம் ஆந்திரத்தோடும் போயின. புதுச்சேரிக்கு 0413, காரைக்காலுக்கு 04368. எந்தக் குறியீட்டை எந்தத் தடத்தில் அனுப்புவது என்பதை இணைப்பகத்தின் அட்டவணை தீர்மானிக்கிறது. அந்த அட்டவணையைத் திருத்துவதும் கட்டளைகளால்தான்.

கணினி வழி இயங்கும் இணைப்பகங்கள் வந்தபோது, புதிய சந்தாதாரரைச் சேர்ப்பது ஒரு வரி தட்டும் வேலையானது. முதலில் கட்டளைக் குறியீடு, பிறகு அளவுருக்கள், கடைசியில் அரைப்புள்ளி என்ற அமைப்பைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ‘மனித-இயந்திர மொழி’யாக வகுத்தது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய அரசு ஆய்வு மையமான சி-டாட் ஊரக இணைப்பகங்களை உருவாக்கியது. உத்தரப் பிரதேசத்து மன்காபூரில் ஐ.டி.ஐ. நிறுவனம் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் இ-10பி இணைப்பகங்களைத் தயாரித்தது. அவற்றில் சந்தாதாரரைச் சேர்க்கும் ஆணை ‘ஏ.பி.ஓ.சி.ஆர்.’, முதல் மூன்றெழுத்து பிரெஞ்சில் சந்தாதாரரைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் மொழி, இந்திய இணைப்பகங்களுக்குள் இப்படியும் வந்து சேர்ந்தது.

இன்றைய ஐ.பி. பிணையத்தில் சிஸ்கோ பாணிக் கட்டளைகளே பரவலானவை. உள்ளே நுழைந்ததும் ‘>’ குறி தெரியும். ‘எனேபிள்’ என்று தட்டினால் ‘#’ ஆக மாறும். அதன் பிறகு ‘கான்ஃபிகர் டெர்மினல்’ கொடுத்துத் தட்டும் ஒவ்வொரு வரியும் அந்தக் கணமே நடைமுறைக்கு வரும். சேமிக்காவிட்டால் கருவி அணைந்து எழும்போது எல்லாம் போய்விடும். பல விலான்களை (பிரித்து வைத்த உட்பிணையங்களை) ஒன்றாகச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் புதிய விலான் ஒன்றைச் சேர்க்கும்போது ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய விலான்கள் அனைத்தும் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். துறையில் இதைத் தெரியாதவர்கள் குறைவு, ஆனாலும் நடக்கிறது.

தொலைவிலிருந்து வேலை செய்வோர் தம் இணைப்பையே துண்டித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதற்கு ஒரு முன்னேற்பாடு: மாற்றத்துக்கு முன் ‘ரீலோட் இன் 10’ என்று தட்டிவிடுவது. தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் கருவி தானே மறுதொடக்கமாகி, சேமித்த பழைய நிலைக்குத் திரும்பும். எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம். 130 கி.மீ. ஜீப் பயணத்தை மிச்சப்படுத்தும் வழி இது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியதற்கும் பராமரிப்பின்போது தந்த ஒரு கட்டளையே காரணம். அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கை மென்பொருளும் பிழையால் கோட்டைவிட்டது.

தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையப் பயன்பட்ட டெல்நெட் கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் என்பதால், 1995இல் ஃபின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். அதன் இடத்தைப் பிடித்தது.

அரசுத் தொலைபேசி நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுவதும் 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் சென்றபின், இருக்கும் சிலரைக் கொண்டு பல ஊர்க் கருவிகளைக் கவனிக்க இந்த முறையின் தேவை கூடியது. ஆனால் காரைக்கால் இருக்கும் காவிரி டெல்டாக் கடற்கரையில் அதற்கு எல்லை உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா போன்ற புயலில் மின்கம்பங்கள் சாய்ந்தால், இணைப்பகம் −48 வோல்ட் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்குவதைத் திரையில் அலாரமாகப் பார்க்கலாம்; ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள்தான் போக வேண்டும்.