மருந்தறையிலிருந்து வார்டுக்கு: மருந்தியல் ஆசிரியர்கள் நடந்த பாதை

இந்தியாவில் மருந்தியலைப் பல்கலைக்கழகப் படிப்பாக்கிய முன்னோடி பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப். 1932-இல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கி வைத்த பாடம், 1937-இல் மூன்றாண்டு பி.ஃபார்ம். பட்டப்படிப்பாக வளர்ந்தது. அன்று போலி மருந்துகளும் தரம் குறைந்த மருந்துகளும் சந்தையில் மலிந்து கிடந்தன. கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையிலான விசாரணைக் குழு அதைச் சுட்டிக்காட்டிய காலம் அது. மருந்தின் தூய்மைக்குப் பொறுப்பேற்பவரே மருந்தாளுநர் என்று அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் கருதினார்கள். வேதியியலும் மருந்தாக்கமும் பாடங்களில் ஓங்கி நின்றதற்கு அதுவே காரணம்.

1948-இன் மருந்தியல் சட்டம் இத்தொழிலுக்குப் பதிவையும் தகுதியையும் வரையறுத்தது. கம்பவுண்டர் என்று ஊர் அழைத்தவரின் இடத்துக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வந்தார். 1991-இன் கல்வி விதிமுறைகள் டிப்ளமோ மாணவருக்கு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சியை விதித்தன. அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிய வேண்டும். கையில் பிழை வராமல் பழக்குவதே அப்போதைய ஆசிரியரின் முதல் கவலை.

அதற்குச் சற்று முன்பே வேறொரு கேள்வி எழுந்துவிட்டது. கொடுத்த மருந்து நோயாளிக்குப் பலன் தந்ததா? அதற்கும் மருந்தாளுநர் பொறுப்பேற்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் ஹெப்ளரும் ஸ்டிராண்டும் 1990-இல் எழுதினார்கள். அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் மைசூரு, உதகை ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள் மருந்தியல் நடைமுறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கின. உதகையில் மாணவர்கள் அரசுத் தலைமை மருத்துவமனையின் வார்டுகளிலேயே பயின்றார்கள். 2008-இல் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு வந்தது. அதன் கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. அதில் ஆறு மாதம் பொது மருத்துவப் பிரிவில்.

வார்டில் நிற்கும் மாணவருக்கு ஆசிரியர் காட்டுவது எளிய உண்மைகளைத்தான். இன்ஹேலரை அழுத்தும்போதே மூச்சை உள்ளிழுக்காவிட்டால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு நேரலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பல மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இவற்றைக் கவனித்து மருத்துவரிடம் எடுத்துரைப்பதும், நோயாளிக்குப் புரியும்படி விளக்குவதும் மருந்தாளுநரின் கடமை என்பதே இன்றைய ஆசிரியர்களின் நிலைப்பாடு. 2015-இன் மருந்தியல் நடைமுறை விதிமுறைகளும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை அவருடைய பொறுப்பாகவே வகுத்துள்ளன.

பாடத்திட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. பணியிடங்கள்தாம் இன்னும் பின்தங்கி நிற்கின்றன. வார்டில் பயின்ற பட்டதாரியைக் கடைக் கவுண்டரில் பெட்டி எடுத்துக் கொடுக்க மட்டும் நிறுத்துவது, அவருடைய படிப்புக்கும் நோயாளியின் நலனுக்கும் இழைக்கும் அநீதி. மருத்துவமனைதோறும் மருத்துவ மருந்தாளுநர் பணியிடமும், மருந்துக் கடைதோறும் ஆலோசனைக்கென ஓர் இடமும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் துணிவையும் வகுப்பறையிலேயே ஊட்டுவது இன்றைய ஆசிரியத் தலைமுறையின் கடமை.