மாடு குளிப்பாட்டல் (காவிரிப் பாசனப் பகுதி)

சேற்றில் உழைக்கும் காளைகளையும் கறவைப் பசுக்களையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ குளத்திலோ இறக்கித் தேய்த்துக் கழுவி, அவற்றின் தேகநிலையை ஆராய்ந்து பேணும் வழக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வண்டல் நிலத்தில் மாட்டுப் பொங்கலின் அலங்காரமாக இது பலர் கண்ணில் படினும், ஏர் பூட்டிய உழவருக்கு நடவுக் காலம் முழுதும் அது அன்றாடக் கடமையாகவே இருந்தது.

சேற்றுழவு முடிந்து நுகத்திலிருந்து அவிழ்க்கப்பட்ட மாட்டின் கால்களில் அப்பிய களிமண், காய்ந்து இறுகினால் தோலை வெடிக்கச் செய்யும். குளம்புப் பிளவில் தங்கினால் அழுகலுக்கு இடமாகும். ஆதலால், மேல்மூச்சும் களைப்பும் அடங்கும்வரை நிழலில் நிறுத்திப் பின் நீரில் இறக்கி, காதுக்குள் தண்ணீர் புகாமல் காத்து, வைக்கோற் பிரியால் தேய்ப்பர். முதுகையும் விலாவையும் தேய்ப்பது எவர்க்கும் எளிது. காதடி, அலைதாடி, தொடையிடுக்கு, மடி, வாலடி ஆகிய மறைவிடங்களைக் கவனிப்பதிலேயே இக்காரியத்தின் சாரம் அடங்கியுள்ளது. ஏனெனில் தைலேரியா, பபேசியா முதலிய இரத்த நோய்க் கிருமிகளைப் பரப்பும் உண்ணிகள் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நுகத்தடி உராய்ந்த புண்ணும் புதிதாய் எழுந்த வீக்கமும் கண்ணுக்குப் புலப்படுமுன் தேய்க்கும் கைக்குத் தட்டுப்படுவதால், குளிப்பாட்டலைச் சுத்தம் என்பதினும் தினசரி வைத்தியப் பரிசோதனை என்பதே பொருத்தம். புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவும் பழக்கம் உண்டு.

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவாதலின், நீரில் கிடப்பது அதன் உடற்சூட்டைத் தணிக்க இன்றியமையாதது. எலிக்காய்ச்சல் கிருமி தங்கக்கூடிய தேங்கிய குட்டைநீரை எந்தக் கால்நடைக்கும் தவிர்த்தல் வேண்டும். குளிப்பாட்டுவோரின் கால் புண்ணுக்கும் அதே அபாயம் உண்டு. பால் கறக்குமுன் மடியைக் கழுவினால் போதாது. தூய துணியால் ஒற்றி உலர்த்துவதும் அவசியம்.

1934-இல் கட்டிமுடிக்கப்பட்டு இப்பகுதிக்குப் பாசனநீர் தரும் மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12-இல் திறக்கப்பட்டு சனவரி 28-இல் மூடப்படுவதால், தை 2-ஆம் நாள் வரும் மாட்டுப் பொங்கலன்று, மழை பொய்க்காத ஆண்டுகளில், வாய்க்கால்களில் நீர் ஓடும். கோடையில் குளத்தையும் பம்புசெட்டையும் நாடுவர்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் தீட்டுவது எங்கும் உள்ள முறையாயினும், டெல்டாவின் கீழ்ப்பகுதிக்கே உரிய உம்பளச்சேரி எருதுகளுக்குக் கொம்பைச் சுட்டு நீக்கிவிடும் பழக்கம் இருந்தமையால் அவை மொட்டைமாடு எனப்பட்டன. அவற்றுக்கு மாலையே பிரதான அணி. நெற்றியிலும் கால்களிலும் வெண்ணிறம் கொண்ட, ஆழ்ந்த சேற்றில் அயராது நடக்கும் இக்குட்டை இனத்தைக் காக்கத் திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் 1968-இல் அரசுப் பண்ணை நிறுவப்பட்டது. கழுவித் துவட்டிய மாடுகளுக்குச் சூட்டும் வண்ண நெட்டி மாலைகளுக்கு ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டை பெயர்பெற்றது; நீர்நிலைகளில் விளையும் நெட்டித் தண்டைச் சீவிச் சாயமேற்றிக் கோக்கும் இக்கைத்தொழில், உழவு மாடுகள் டிராக்டருக்கு இடம்விட்ட பின்னும் கறவைப் பசுக்களை நம்பி நடைபெறுகிறது.