கொல்லன் உலையில் ஒரு சங்கிலி

மோட்டார் வண்டி ஒன்று பழுதுற்றால் முதலில் இயந்திரத்தின் மீதே ஐயங்கொள்வது நம்மவர் வழக்கம். ஆனால், இயந்திரம் செவ்வையாய் இயங்கும்போதும் வண்டி நகர மறுப்பதுண்டு. இயந்திரத்திற் பிறந்த ஆற்றலைச் சில்லுவரை சுமந்து செல்லும் கியர், தண்டு, சங்கிலி, பட்டை முதலியவற்றில் எங்கேனும் ஓரிடத்திற் குறை நேர்ந்திருக்கும். அக்குறை எது என்று கண்டறிந்து, நடுவழியிலேயே அதனைத் தீர்க்க முயன்றவருள் முன்னின்றவர் ஒரு பெண்மணி. அவர் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

ஜேர்மனி தேசத்து மன்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ் என்பார், 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி, தாம் அமைத்த முச்சில்லு மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இயந்திரத்தின் ஆற்றலை ஒரு தோற்பட்டை இடைத்தண்டுக்குக் கொண்டுசெல்லும். அத்தண்டிலிருந்து இரு சங்கிலிகள் பின்சில்லுகளைச் சுழற்றும். அமைப்பு எளியதே. ஆனால் வாங்குவாரைக் காணோம். குதிரையில்லாத வண்டியை நம்பித் தொலைதூரம் செல்ல எவர் துணிவர்? திருமணத்திற்கு முன்னரே தம் சீர்ப்பணத்தைப் பென்ஸின் தொழிலில் இட்டிருந்தவர் அவர் துணைவியார் பேர்த்தா பென்ஸ். கணவரின் உழைப்பும் தமது செல்வமும் ஒருங்கே வீணாகுமோ என்னும் கவலை அவருக்கு இருந்திருத்தல் இயல்பே.

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஒரு நாள் அதிகாலை, கணவருக்கு முன்னறிவிப்பு எதுவுமின்றி, தம் புதல்வர் ஒய்கன், ரிச்சார்ட் ஆகிய இருவரையும் அழைத்துக்கொண்டு பேர்த்தா அம்மையார் வண்டியேறினார். சேரவேண்டிய ஊர், ஏறக்குறைய நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள, தாம் பிறந்த போர்ட்ஸ்ஹைம். அக்காலத்தில் பெற்றோல் நிலையமேது? கராஜ் ஏது? எரிபொருள் குறையவே, வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், துணிக்கறை போக்க விற்கப்பட்ட லிக்ரோயின் என்னும் திரவத்தை வாங்கி நிரப்பினர். எரிபொருட் குழாய் அடைபட்டபோது தொப்பியூசியாற் குத்தி நீக்கினார் என்றும், தீப்பொறிக் கம்பி பழுதுற்றபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார் என்றும் கூறுவர்.

இவையெல்லாம் இயந்திரத்தைச் சார்ந்த குறைகள். சங்கிலியின் குறையோ வேறுவகையானது. சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும், அவை பொருந்தும் துளைகளும் தேயத் தேய, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி சிறிது சிறிதாகக் கூடும். அவ்வாறு நீண்ட சங்கிலி பற்சக்கரத்தின் பற்களோடு இசைந்து அமராது. பல்லின்மேல் ஏறித் தாவும். புழுதி நிறைந்த பாதையில், மூடியின்றித் திறந்து கிடந்த சங்கிலிக்கு இக்கதி நேர்வது இயற்கையே. புறூக்சால் என்னும் ஊரில் ஒரு கொல்லரிடம் சென்று அச்சங்கிலியைச் சீர்செய்வித்துக்கொண்டு அவர்கள் மேற்சென்றனர். குதிரைக்கு இலாடம் அடித்துப் பழகிய கை, அன்று மோட்டார் வண்டிக்கும் உதவியது!

இன்னொரு குறையும் வெளிப்பட்டது. இறக்கங்களில் மரத்தாலான தடைக்கட்டைகள் விரைவில் தேய்ந்தன. பௌஷ்லொட் என்னும் ஊரில், செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றின்மேல் தோல் பதிப்பித்தார் அம்மையார். பிற்காலத் தடைப்பூச்சுக்கு இதுவே முன்னோடி எனலாம்.

ஆனால், எந்தக் கொல்லராலும் தீர்க்கவியலாத குறை ஒன்று எஞ்சியிருந்தது. மேட்டில் வண்டி ஏற மறுத்தது, இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. அங்கே உடைந்த உறுப்பு எதுவுமில்லை, தேய்ந்த பல்லுமில்லை. இயந்திரத்தின் சுழற்சியை மேலும் தணித்து, சில்லுக்கு மிகுந்த இழுவிசை தரவல்ல ஒரு கியர் இல்லாமையே காரணம். பழுது வேறு, அமைப்பின் போதாமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே அப்பயணத்தின் பெரும்பயன் என்பது என் துணிபு. அந்தி வேளையிற் போர்ட்ஸ்ஹைம் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி சென்றது. சில நாட்களின் பின் திரும்பிவந்து அவர்கள் உரைத்தவற்றைக் கேட்ட கார்ல் பென்ஸ், மேடேறுதற்கென இன்னொரு தாழ்ந்த கியரை வண்டியில் அமைத்தார். அதே ஆண்டு மியூனிக் நகரத்துக் கண்காட்சியில் அவ்வண்டி பொற்பதக்கம் பெற்றது.

1944ஆம் ஆண்டில், தொண்ணூற்றைந்தாவது வயதில் பேர்த்தா அம்மையார் மறைந்தார். அவர் சென்ற வழி 2008 முதல் அவர் பெயர் தாங்கிய நினைவுப்பாதையாக விளங்குகின்றது.

இன்று சங்கிலி போய்த் தண்டுகள் வந்துவிட்டன. நோயறியும் முறை மட்டும் மாறவில்லை. வண்டியைத் திருப்பும்போது முன்சில்லருகே ‘டக், டக்’ என்னும் ஒலி எழுந்தால், அங்குள்ள தண்டுமூட்டு தேய்ந்திருக்கலாம். புறப்படும் கணத்தில் அடியில் ஓர் இடி கேட்டால், நெடுந்தண்டின் மூட்டைப் பார்த்தல் வேண்டும். கியர் பூட்டிய நிலையில் இயந்திரத்தின் வேகம் ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிடின், கிளச் வழுக்குகின்றது என ஐயுறலாம். ஒலி எங்கே, எப்போது, எந்நிலையில் எழுகின்றது என்று செவிகொடுத்துக் கேட்டபின்னரே கருவியைக் கையிலெடுத்தல் வேண்டும். கேளாமல் கழற்றத் தொடங்குபவர் நல்ல உறுப்பையும் கெடுத்துவிடுவர்.

கற்ற பொறியியலாளர் எவரும் உடனில்லாத அந்நெடுவழியில், ஓர் அன்னையும் இரு சிறுவரும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.