நியமனக் கடிதத்தில் பெண்கள் தேடுவது என்ன?

பட்டம் பெற்ற ஒரு பெண்ணுக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைக்கிறது. ஓரிடத்தில் சம்பளம் கூடுதல். அவரோ சம்பளம் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். "இவ்வளவு படித்தும் விவரம் தெரியவில்லையே" என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள். அவருக்கு விவரம் தெரியும் என்பதே என் கருத்து. அதற்குச் சிங்கப்பூரின் வரலாறே சான்று.

காலனித்துவ ஆட்சியில் அரசாங்க வேலை பார்த்த பெண்ணுக்கு, தகுதியும் வேலையும் ஒன்றாக இருந்தாலும், ஆணைவிடச் சம்பளம் குறைவு. திருமணம் செய்துகொண்டால் நிரந்தரப் பதவியும் தற்காலிகப் பதவியாகிவிடும். 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் நிறைவேறியது. மறு ஆண்டே அரசாங்கச் சேவையில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கை நடப்புக்கு வந்தது. படித்த பெண்களுக்கு அரசாங்கம் நல்ல முதலாளியாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால், சம்பளம் சமமானதும் எல்லாம் சமமாகிவிட்டதா? 1979ஆம் ஆண்டு, மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. குடும்பம், குழந்தை என்று வந்ததும் பெண் மருத்துவர்கள் தொழிலை விட்டுவிடக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 24 ஆண்டுகள் கழித்து, 2003ல்தான் அந்த வரம்பு நீங்கியது. அதேபோல, ஆண் அதிகாரியின் மனைவி மக்களுக்குக் கிடைத்த மருத்துவச் சலுகை பெண் அதிகாரியின் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. குடும்பத் தலைவர் ஆண் என்று விளக்கம் கூறினார்கள். அது சரிசெய்யப்பட்டது 2005ல். சம சம்பளம் வந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் சம சலுகை வரவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதில் பெண்கள் கற்ற பாடம் ஒன்றுண்டு. சம்பளம் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருக்கும். வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விதிகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஆகவே அவர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறார்கள்.

எட்டு வாரமாக இருந்த மகப்பேற்று விடுப்பு 2004ல் 12 வாரமாகவும், 2008ல் 16 வாரமாகவும் உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் தாய்க்கு மட்டும் விடுப்பு நீளும்போது, "பெண்ணை வேலைக்கு எடுத்தால் நமக்குச் சிரமம்" என்று நினைக்கும் முதலாளியும் உண்டு. தந்தையும் விடுப்பு எடுத்தால் அந்தக் கணக்கு மாறும். 2013ல் ஒரு வாரமாகத் தொடங்கிய தந்தையர் விடுப்பு, 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரமாகக் கட்டாயமாகியுள்ளது. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பிய பெண்கள் அங்கே எத்தனை பேர்? அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்ததா? நேர்முகத் தேர்வில் உங்கள் மகள் இப்படிக் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று நினைக்காதீர்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் தமக்கு அங்கே இடம் உண்டா என்று பார்க்கிறார். அவர் பாட்டி காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.