பூந்தமல்லிச் சாலையும் கடற்கரையின் ஐரோப்பியப் பட்டினங்களும்

மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த வேலப்பன்சாவடியிலிருந்து சனிக்கிழமை விடியலில் புறப்படும் கணவனும் மனைவியும், டச்சுக்காரர் கோட்டை கட்டிய பழவேற்காட்டையோ, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியையோ, டேனியர் குடியேறிய தரங்கம்பாடியையோ அன்றே அடைந்து, ஓரிரவு தங்கி, ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். 1994-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபின் லண்டன்வாசிகள் வார இறுதியில் பாரிசுக்குப் போய்வருவது வழக்கமானதைப் போல, மேற்குச் சென்னையின் தம்பதியருக்கும் சோழமண்டலக் கரையின் இப்பட்டினங்கள் எட்டும் தொலைவுக்குள் வந்துவிட்டன. சுற்றுலா விளம்பரங்கள் இவற்றை ஐரோப்பாவின் சிறு துண்டுகளாகவே காட்டினாலும், இவை உள்நாட்டுத் தறிகளின் துணியாலும், உள்நாட்டு ஆட்சியாளரின் அனுமதியாலும், தமிழ் வணிகரின் முதலாலும் எழுந்தவை என்பதே வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

அவ்வரலாற்றில் பூந்தமல்லிக்கும் ஓரிடம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், விஜயநகர அரசின் கடைசி மரபான ஆரவீட்டு மன்னருக்குக் கட்டுப்பட்டு இப்பகுதியை ஆண்டவர் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டு கடற்கரை நிலப்பகுதியைக் கவனித்துவந்தார். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரரும் தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியரும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த நிலையில், இருவருக்கும் இடையே மூன்றாவதாக ஒரு வணிகக் கூட்டத்தாரை அமர்த்துவது நாயக்கர்களுக்கு ஆதாயமாகத் தோன்றியது. 1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே என்பவருக்கு அளிக்கப்பட்ட நில உரிமையும், அதன்மேல் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டையும் இந்தக் கணக்கின் விளைவுகளே. ஆகவே, ஐரோப்பியர் தாமாகக் கண்டுபிடித்து அமைத்த நகரம் என்று சென்னையைக் கருதுவோர், பூந்தமல்லியில் இருந்த நாயக்கரின் பங்கை மறந்துவிடுகின்றனர்.

இப்பட்டினங்களுள் சென்னைக்கு மிக அருகில் உள்ள பழவேற்காடு, சென்னைக் கோட்டையைவிட ஒரு தலைமுறை மூத்தது. 1610-இல் அங்கே வணிக உரிமை பெற்ற டச்சுக்காரர், 1613-இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பி, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுமைக்குமான தலைமையிடமாக அதை வைத்திருந்தனர். தென்கிழக்காசியத் தீவுகளில் விளைந்த ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றை வாங்குவதற்கு அங்கே செல்லுபடியான பண்டம் வெள்ளியைவிடவும் இக்கரையின் சாயத் துணியே என்பதால், சுற்றுவட்டாரத் தமிழ், தெலுங்கு நெசவாளரின் உழைப்பின்மீதே டச்சு வாசனைத்திரவிய வணிகம் நின்றது. அதே துறைமுகத்திலிருந்து, பஞ்சத்தாலும் போராலும் நொந்த மக்கள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டனர் என்பதையும் மறைக்கக்கூடாது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே பெயர் பொறித்த கற்கள் டச்சுக்காரருக்கு உண்டு. நெசவாளருக்கும் அடிமைகளுக்கும் இல்லை.

தெற்கே புதுச்சேரியின் கதை 1674-இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மார்த்தேனுடன் தொடங்குகிறது. 1693 முதல் 1699 வரை அந்நகரைப் பிடித்துவைத்திருந்த டச்சுக்காரர் வரைந்த நேர்க்கோட்டுத் தெருத்திட்டமே இன்றும் அதன் அடிப்படையாக விளங்குகிறது. நகரை ஊடறுக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியரின் வெள்ளை நகரமும், மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன. வார இறுதிப் பயணிகள் பெரும்பாலும் கிழக்குப் பகுதியின் மஞ்சள் சுவர்களோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் இந்நகரின் வரலாற்றை மிக விரிவாக எழுதிவைத்தவர் மேற்குப் பகுதியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, இளமையிலேயே குடும்பத்துடன் புதுச்சேரிக்குச் சென்ற அவர், பின்னாளில் ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனார். துபாஷி என்பவர் ஐரோப்பியருக்கும் உள்நாட்டாருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் செயல்பட்டவர். 1736 முதல் 1761 வரை பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும், துணி விலையும், அரண்மனைச் சூழ்ச்சியும், தெருச் சண்டையும் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. மேற்குப் பகுதியில் இன்றும் நிற்கும் அவருடைய மாளிகை, தமிழ்க் கட்டடக் கலையும் பிரெஞ்சுக் கட்டடக் கலையும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்ததற்குச் சான்றாகும்.

மூன்றாவது பட்டினமான தரங்கம்பாடி, 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் டேனியர் வசமானது. ஆண்டுதோறும் தஞ்சைக்குத் திறை செலுத்தும் நிபந்தனையோடுதான் டான்ஸ்போர்க் கோட்டை அங்கே எழுந்தது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1714-1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தாள் தட்டுப்பாட்டைப் போக்க, அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலையும் ஏற்பட்டது. 1845-இல் டேனியர் அந்நகரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றாலும், தமிழ் அச்சுத்தொழிலின் வரலாற்றில் அவ்வூருக்குள்ள இடம் மாறவில்லை.

இந்த ஊர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வுப்பயணம் போகும் வழக்கம் மிகப் பிந்தியது. பல்லக்கும் மாட்டுவண்டியும் வழக்கில் இருந்த காலத்தில், வழிப்போக்கர் இளைப்பாறவும் இரவு தங்கவும் சாலையோரங்களில் சாவடிகளும் சத்திரங்களும் இருந்தன. ஆயினும் குடும்பப் பெண்கள் ஊர்விட்டு ஊர் சென்றது திருவிழா, நேர்த்திக்கடன், உறவினர் திருமணம் ஆகியவற்றை ஒட்டியே, அதுவும் சுற்றத்தார் சூழவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்டு, பிறகு பழவேற்காட்டுக்கும் அப்பாலும் நீண்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழியில் பயணப் படகுகள் ஓடின. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆனால் வழி திறந்தாலும் நேரம் வேண்டும்: 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உறுதிசெய்த வார விடுமுறையும், 1960-களில் ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் கொண்டுவந்த மாதச் சம்பளமும் சேர்ந்தே, இப்புறநகர்க் குடும்பங்களுக்கு ஓய்வு என்பதை உரிமையாக்கின. பின்னர்க் கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரியையும், வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பழவேற்காட்டுத் திசையையும் நெருக்கமாக்கின. கணவனும் மனைவியும் மட்டுமாகப் புறப்படுவதைக் குறையாகப் பார்க்கும் மனப்பாங்கு தளர்ந்ததும் இக்காலத்தில்தான். உழைப்பாளர் போராடிப் பெற்ற விடுமுறையை இருவரும் சேர்ந்து துய்ப்பது பெருமைப்படத்தக்க சமூக மாற்றமே.

அவ்வாறு கிடைத்த இரண்டு நாட்களில் ஒரு பகுதியையேனும் இப்பட்டினங்களின் தமிழ்ப் பக்கத்துக்கு ஒதுக்குவது பயணத்தின் பொருளைப் பெருக்கும். பழவேற்காட்டில் கல்லறைத் தோட்டத்தோடு மீனவர், மரைக்காயர் தெருக்களையும், புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் அமைந்த வீடுகளையும், தரங்கம்பாடியில் கோட்டையோடு அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயிலையும் காண்போருக்கு, அயலார் வந்து போன கரை என்பதைவிட, அயலாரோடு பேரம் பேசி, அவர்களால் துன்புற்று, அவர்களிடம் கற்று, அவர்களுக்குக் கற்பித்த மக்களின் கரை என்பதே விளங்கும். பூந்தமல்லிச் சாலையில் வாழ்வோர் அவ்வூர்களுக்கு வெறும் விருந்தினராகச் செல்லத் தேவையில்லை. அவ்வரலாற்றில் பங்குடையவர்களாகவே செல்லலாம்.