சித்திரகாரப்புலியின் அரங்கு

ஓவியக் கொள்கை நாடக மேடையை மாற்றியமைத்த கதையை நாம் பெரும்பாலும் பிரான்சிலிருந்தே தொடங்குகிறோம். மேடைக்காட்சி ஒரு சித்திரத்தைப்போல அமையவேண்டும் என்று திதரோ 1757-58இல் வாதிட்டார். 1759இல் கொமெதி பிரான்சேஸ் மேடையில் பிரபுக்கள் அமர்ந்து பார்க்கும் வழக்கம் நீக்கப்பட்டது. 1761இல் க்ரூஸின் மணநிச்சய ஓவியம் பாரிஸ் மேடையொன்றில் நடிகர்களைக் கொண்டே நிகழ்த்திக் காட்டப்பட்டது. அங்கே ஓவியம் ஆசான், நாடகம் மாணவன்.

அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே, 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில், இவ்விரு கலைகளும் ஒருவனிடத்தில் கூடியிருந்தன. முதலாம் மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி' என்னும் விருதுப்பெயர் பூண்டவன். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் அங்கத நாடகத்தை இயற்றியவன். காஞ்சிக்கு அருகே மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டில் 'தட்சிணசித்ரம்' என்ற பெயர் காணப்படுகிறது. அது ஓவிய நூலென்றும், அதற்கு அவன் உரை கண்டானென்றும் அறிஞர் கருதுவர்.

ஆனால் இங்கே கற்பித்தலின் திசை வேறு. கூத்தின் இலக்கணம் அறியாதவர்க்கு ஓவிய இலக்கணம் விளங்காது என்கிறது விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி. ஓவியன் நடிகனின் உடலிலிருந்து கற்கவேண்டும் என்பதே அதன் உட்கிடை. மத்தவிலாசத்தில் போதையேறிய காபாலிகன் காஞ்சித் தெருவின் கள்ளுக்கடையை வேள்விச்சாலையாகக் காண்கிறான்: கம்பம் யூபமாகிறது, மது சோமமாகிறது, குடியர் வேதியராகின்றனர். இக்காட்சிக்குத் தீட்டிய திரைச்சீலை வேண்டியதில்லை. சொல்லும் மெய்ப்பாடும் நகரத்தையே எழுப்பிவிடுகின்றன.

எது பிழைத்தது என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். தட்சிணசித்ரம் நமக்குக் கிடைக்கவில்லை. மகேந்திரனுக்குப் பின் ராஜசிம்மன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் ஓவியங்கள் சுண்ணப்பூச்சின் கீழ் மறைந்திருந்தன. 1931இல் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரெய் அவற்றை வெளிக்கொணர்ந்தார். மத்தவிலாசமோ கேரளத்துச் சாக்கியார்களின் கூத்தில் நேர்ச்சைச் சடங்காக உயிர்தரித்தது. 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி பதிப்பித்தபின் அச்சிலும் நிலைத்தது. அது பிறந்த காஞ்சி அதனை மறந்தே இருந்தது.

காஞ்சி வட்டாரத்துக் கட்டைக்கூத்தில் இன்றும் இருவர் கையில் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்றே வேடக்காரர் தம் வருகையைப் பாடுகிறார். திரை விலகியதும் வெறுந்தரை அரசவையாகிறது. இதை மத்தவிலாசத்தின் நேரடி வாரிசென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் காட்சியை உடலால் எழுப்பும் அதே நம்பிக்கை இங்கும் உண்டு. சுண்ணத்தை அகற்றினால் சுவரோவியத்தின் ஒரு பகுதியேனும் மீளும். கற்றுக்கொள்ளும் ஒரு தலைமுறை இல்லாது போனால் கூத்து அப்படி மீளாது. கோயிற்சுவரைக் காப்பதில் காட்டும் அக்கறையைக் கூத்துக்களத்துக்கும் நாம் காட்டியாக வேண்டும்.