தோளை இடிக்காத ரவை

நோர்வேயில் வாழும் என் பழைய சகபாடி ஒருவர் சென்ற இலையுதிர்காலத்தில், இரவல் வாங்கிய வலிய துப்பாக்கியால் எல்க் ஒன்றைச் சுட்டார். உதைப்புக்கு அஞ்சிக் கண்களை மூடியதில் சன்னம் வயிற்றில் பாய்ந்தது. நாய்கள் அவ்விலங்கைக் கண்டுபிடிக்க மறுநாள் மாலையாயிற்று. தோள்மூட்டில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தனக்கு எந்த ரவை பொருந்தும் என்று அவர் தொலைபேசியில் கேட்டார். வேட்டுச் சத்தங்களைச் செய்தியாக்கியே காலந்தள்ளியவனிடம் கேட்கத்தக்க கேள்விதான்!

எல்க் என்ற பெயரே குழப்பமானது. ஐரோப்பாவில் அது மூஸ், அமெரிக்காவில் வப்பிட்டி, இலங்கையிலிருந்த ஆங்கிலேயருக்கோ நமது மரை. 1854இல் தமது இலங்கை வேட்டை நூலை வெளியிட்ட சாமுவேல் பேக்கர், யானைக்கு 21 இறாத்தல் எடையுள்ள துப்பாக்கியைத் தூக்கினார். நுவரெலியா மரைகளையோ நாய்களை ஏவி மடக்கிக் கத்தியால் குத்தினார். பின்னுதைப்பு அறவே இல்லாத ஆயுதம் அதுதான்.

பெரிய விலங்குக்குப் பெரிய குண்டு என்ற அக்கால நம்பிக்கையைத் தளர்த்தியது புகையில்லா வெடிமருந்து. 1890களின் முற்பகுதியில், ஒரே முடியாட்சியின் கீழிருந்த சுவீடனும் நோர்வேயும் தம் படைகளுக்கென 6.5×55 ரவையைக் கூட்டாக உருவாக்கின. ஒன்றியம் 1905இல் கலைந்தது, ரவை நிலைத்தது. சிப்பாயின் துப்பாக்கி வேட்டைக்காரனின் கைக்கு வந்தது.

அதன் சூட்சுமம் சன்னத்தின் வடிவில் உள்ளது. ஒடுங்கி நீண்ட, ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள சன்னம் தசையை ஆழமாக ஊடுருவும், மருந்தோ குறைவு. அதே எடையுள்ள துப்பாக்கியில், 1906ஆம் ஆண்டின் அமெரிக்க .30-06 ரவை தரும் உதைப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இதற்குண்டு. ஸ்கொட்லாந்துக்காரரான பெல், ஆபிரிக்காவில் தாம் கொன்ற ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளில் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் ரவையால் வீழ்த்தினார். அக்கொலைக்கணக்கு எனக்கு உவப்பானதன்று. ஆனால், விலங்கின் உடலமைப்பை அறிந்து உரிய இடத்தில் சுடுவதே முக்கியம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதற்காக எலும்பு மறைக்கும் கோணத்திலோ வெகு தொலைவிலோ சிறு ரவையை நம்புவது தவறு.

நண்பர் 6.5ஐ வாங்கிவிட்டார். நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்காரர் ஆண்டுதோறும் சுடுதேர்வில் தேறவேண்டும்: 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துள் 5 சன்னங்களும் விழவேண்டும். முடிவை அழைத்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.